சாய்ந்து நிற்கும் லோட்டஸ் 49: பழைய கிட்டின் குறைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் பந்தயத் தடத்தில் லோட்டஸ் 49 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் கார் முதன்முறையாக ஓடியது. கிரஹாம் ஹில் எல்லோருக்கும் முன்னால் நின்று புறப்பட்டார். வென்றவர் ஜிம் கிளார்க். காரும் புதிது, என்ஜினும் புதிது, அறிமுகப் பந்தயத்திலேயே வெற்றி. மாதிரி கார் கட்டுபவர்களுக்கு இந்த வண்டி மீது இன்றும் தீராத ஆசை இருப்பதில் வியப்பில்லை. அதன் பழைய பிளாஸ்டிக் கிட்கள், அதாவது ஒட்டிக் கட்டும் பாகத் தொகுப்புகள், கைக்குக் கிடைக்கும்போது வார்ப்பு அச்சுத் தேய்ந்து, பாகங்கள் கோணி, டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) மஞ்சளித்துத்தான் பெரும்பாலும் வருகின்றன. அவற்றை ஒழுங்காக நிமிர்த்தி நிறுத்த முடியும். அதற்கு முதலில் அசல் கார் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காலின் சாப்மனும் மாரிஸ் பிலிப்பும் வடிவமைத்த இந்தக் காரில் என்ஜினைத் தாங்கும் சட்டம் என்று தனியாக எதுவும் கிடையாது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அலுமினிய உடற்கூடு முடிந்துவிடுகிறது. அதன் பின் தகட்டோடு கீத் டக்வொர்த் உருவாக்கிய 2,993 சிசி காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ஜினை நேரடியாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். கியர்பாக்ஸும் பின் சஸ்பென்ஷனும் அந்த என்ஜினின் பலத்தில்தான் நிற்கின்றன. கீழே இரண்டு போல்ட். மேலே இரு பக்கமும் கேம் உறைகளிலிருந்து (என்ஜின் தலையின் மேல்மூடிகள்) வரும் மெல்லிய தகடுகள். என்ஜின் சூடாகி விரியும்போது மேல் தகடுகள் சற்று வளைந்து கொடுக்கும். கீழ் போல்ட்கள் அசையாது.

மாதிரியிலும் உயிர்நிலை அதே இடம்தான். பின்பக்கம் தெரிகிற கோணல்களில் பெரும்பாலானவை அந்த இணைப்பில் பிறந்து வேறெங்கோ தலைகாட்டுகின்றன. ஆகவே குறை கண்ணில் பட்ட இடத்தில் உடனே அரத்தை வைக்காதீர்கள்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 1:20 அளவு கிட்டுக்கானவை. அசல் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,413 மி.மீ.; மாதிரியில் அது 120.6 மி.மீ. முன் சக்கரங்களின் இடையகலம் 1,524 மி.மீ., மாதிரியில் 76.2. பின் சக்கரங்களுக்கு 1,549 மி.மீ., மாதிரியில் 77.5. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டிவையுங்கள்.

ஒரு சக்கரம் தரையில் படவில்லை

இதுதான் அதிகம் பேர் சந்திக்கும் குறை. அதிகம் பேர் தவறான இடத்தில் வைத்தியம் பார்ப்பதும் இதற்குத்தான். தூக்கி நிற்கும் சக்கரத்தின் அச்சை வளைத்துக் கீழே இறக்கிவிட்டால் நான்கும் தரையைத் தொடும். ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் அந்தச் சக்கரம் மட்டும் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். ஒரு பிழை இரண்டாகிவிட்டது.

முதலில் தளத்தைச் சோதியுங்கள். மரமேசையை நம்ப வேண்டாம். படச்சட்டத்தில் இருந்து எடுத்த கண்ணாடி போதும். மாதிரியை அதன் மேல் வைத்து, தூக்கி நிற்கும் சக்கரத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். மூலைவிட்டமாக எதிரில் இருக்கும் சக்கரம் எழும்பினால், கோளாறு அந்த ஒரு சக்கரத்தில்தான் என்று முடிவுகட்டாதீர்கள், உடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

முறுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கத் தச்சர்கள் பலகையைப் பார்க்கும் முறையே போதும். நேரான பித்தளைக் கம்பி இரண்டை, ஒவ்வொன்றும் பத்து செ.மீ. நீளத்தில், வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை முன் அச்சுக்கு இணையாகவும் மற்றொன்றைப் பின் அச்சுக்கு இணையாகவும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். மாதிரியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன் கம்பியின் விளிம்புக்கு மேலாகப் பின் கம்பியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று படிந்து மறைந்தால் உடல் நேராக இருக்கிறது. ஒரு முனை மட்டும் மேலே எட்டிப்பார்த்தால் முறுக்கு உண்டு. ஒரே ஒரு டிகிரி முறுக்கு 77 மி.மீ. அகலத்தில் 1.3 மி.மீ. ஏற்றத்தாழ்வாக மாறும். கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும்.

இப்போது மூன்றாவது கம்பி ஒன்றை உடற்கூட்டின் பின் தகட்டுக்குக் குறுக்கே ஒட்டுங்கள். அது முன் கம்பியோடு இணையாக இருந்து, பின் அச்சுக் கம்பியோடு மட்டும் மாறுபட்டால், குற்றவாளி என்ஜின் இணைப்பு. முன் கம்பியோடேயே மாறுபட்டால் உடற்கூடுதான் கோணியிருக்கிறது. அதற்கான வழி அடுத்த பகுதியில் இருக்கிறது.

இணைப்பைச் சரிசெய்யும் முறை இது. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவப் பசையால் ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள். இரு பரப்புகளும் உருகி ஒன்றாகியிருக்கும். மெல்லிய பல் கொண்ட வாளால் இணைப்புக் கோட்டிலேயே அறுங்கள். பிறகு இரு முகங்களையும் கண்ணாடி மேல் ஒட்டிய 400ஆம் எண் உப்புத்தாளில் தட்டையாகத் தேயுங்கள். அசல் காரில் கீழ் போல்ட்கள் இருக்கும் இரண்டு இடங்களிலும் 1 மி.மீ. துளையிட்டு, 8 மி.மீ. நீளப் பித்தளைக் கம்பித் துண்டுகளைச் செருகுங்கள். என்ஜின் பக்கத் துளையை மட்டும் 1.3 மி.மீ. ஆக அகலப்படுத்துங்கள், அந்தச் சிறு இடைவெளிதான் திருத்துவதற்கான வசதி. மேலே, கேம் உறைத் தகடுகள் தொடும் இடத்தில், 0.25 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளை ஒன்றோ இரண்டோ வைத்துச் சாய்வைச் சரிபாருங்கள். கீழ் ஊசிகள் இடத்தைப் பிடித்துவைக்கும். மேல் தாள்கள் கோணத்தைத் தீர்மானிக்கும். அசல் காரில் வேலை எப்படிப் பிரிந்ததோ அப்படியே இங்கும் பிரிகிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும்.

பசைக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸியை எடுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி அவசரப்படுத்தும். நான்கு சக்கரங்களையும் பொருத்தி, மாதிரியைக் கண்ணாடியில் நிறுத்தி, கம்பிகளைக் கண்ணால் பார்த்து நேராக்கி, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். சக்கரங்கள் நகராமல் இருக்க இரு பக்கமும் களிமண் உருண்டை வைத்தால் போதும்.

உடற்கூடு வாழைப்பழமாக வளைந்திருக்கிறது

நீளமான, மெல்லிய சுவருள்ள பாகம் வார்ப்பு அச்சிலிருந்து சூடாக வெளியே வந்து ஆறும்போது இப்படி வளையும். பெட்டிக்குள் பல ஆண்டுகள் அமுங்கிக் கிடந்தாலும் வளையும். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் அருகே இளகிவிடும் என்பதால் கொதிக்கும் நீரில் போடக்கூடாது. கை பொறுக்காத அளவு சூடான நீரில் ஒரு நிமிடம் வைத்து, எடுத்து, எதிர்ப்பக்கம் சற்றே கூடுதலாக வளைத்துப் பிடித்து, குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். ஒரே முறையில் நேராகாது. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் பிளாஸ்டிக்கில் வெண்மையான அழுத்தக் கோடு விழாது.

மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாக இருந்தால், இரண்டையும் ஒட்டுவதற்கு முன்பே நேராக்க வேண்டும். ஒட்டிய பிறகு அது ஒரு குழாய், எளிதில் அசையாது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 2 மி.மீ. சதுர ஸ்டைரீன் கம்பியை நீளவாக்கில் ஒட்டினால் மறுபடி வளையாது.

அச்சுத் தூரம் குறைகிறது

இடது பக்கமும் வலது பக்கமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் பின் பகுதி பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது; மேலே சொன்ன இணைப்பு வேலையே அதற்கும் மருந்து. இரண்டும் ஒன்றாக இருந்து, 120.6க்குப் பதில் 118 என்று வந்தால், கிட்டை வடிவமைத்தவரின் பிழை. இணைப்பில் ஸ்டைரீன் தகடு வைத்து நீட்டலாம் என்று தோன்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால் என்ஜினுக்கும் உடற்கூட்டுக்கும் இடையே அசலில் இல்லாத ஒரு வளையம் தெரியும். இரண்டரை மி.மீ. குறைவை யாரும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அந்த வளையத்தை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள்.

அளவு கூடுதலாக வந்தால் வேறொன்றைச் சோதியுங்கள். 1968இல் வந்த 49பி வடிவத்தில் முன் சஸ்பென்ஷன் கைகளை முன்னோக்கிச் சாய்த்து அச்சுத் தூரத்தை நீட்டினார்கள். பெட்டியின் மேல் 1967 என்று அச்சிட்டு, உள்ளே 49பி பாகங்களைத் தரும் கிட்களும் உண்டு.

பாகங்கள் பொருந்துகின்றன, ஆனால் படத்தில் உள்ள கார் போல இல்லை

மேலே சொன்ன கலப்புதான் இதற்குக் காரணம். லோட்டஸ் 49 நான்கு பருவங்கள் ஓடியது. ஒவ்வோர் ஆண்டும் உருவம் மாறியது. கிட் தயாரிப்பவர்கள் ஒரே அச்சிலிருந்து பல வடிவங்களை விற்கும்போது, பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில் எல்லாப் பாகமும் வந்துவிடுகிறது. எதை விட வேண்டும் என்பதுதான் கேள்வி.

பச்சை உடலில் மஞ்சள் பட்டை என்றால் 1967, கூடவே 1968 ஜனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவில் கிளார்க் வென்ற கியாலாமி பந்தயம். அந்தக் காருக்கு இறக்கை கிடையாது. மூக்கின் இரு பக்கமும் சிறு துடுப்புகளும் கிடையாது. கியர்பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்துடையது, எண்ணெய்த் தொட்டி மூக்கில். 49பியில் கியர்பாக்ஸ் ஹியூலாண்டுக்கு மாறியது, எண்ணெய்த் தொட்டி பின்னால் கியர்பாக்ஸ் மேல் போனது. ஆகவே பச்சைக் காரின் பின்பக்கம் பெரிய தொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தால் அதைக் கழற்றுங்கள்.

சிவப்பு, வெள்ளை, பொன் நிறம் என்றால் கோல்டு லீஃப் சிகரெட் விளம்பரம் வந்த பிறகு. உயரமான கம்பிகளில் நிற்கும் இறக்கை 1968 நடுப்பகுதியிலிருந்து 1969 மே மாத மொனாக்கோ பந்தயம் வரைதான். பார்சிலோனாவில் ஹில்லின் காரும் அவருடைய அணித்தோழர் யோகன் ரிண்ட்டின் காரும் இறக்கை முறிந்து நொறுங்கிய பின் மொனாக்கோவில் அவற்றைத் தடை செய்தார்கள். கருநீலக் கார் கட்ட விரும்பினால், அது ராப் வாக்கர் அணிக்காக ஜோ சிஃபர்ட் ஓட்டியது. 1968இல் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ வென்றது.

படம் பார்த்துக் கட்டும்போது அருங்காட்சியகத்தில் நிற்கும் காரை அப்படியே நம்பிவிடாதீர்கள். இன்றும் ஓடும் பழைய கார்களுக்குப் பாதுகாப்புக்காக இருக்கை வார், தீயணைப்பான், உயர்ந்த தலைக்காப்பு வளையம் எல்லாம் சேர்த்திருப்பார்கள். ஃபார்முலா ஒன்றில் இருக்கை வார் கட்டாயமானதே 1972இல். 1967ஆம் ஆண்டு காருக்கு அழகான துணி வார் ஒட்டுவது உழைப்பை வீணாக்குவது. அந்த ஆண்டு பந்தயத்தின்போது எடுத்த கருப்பு வெள்ளைப் புகைப்படம் மங்கலாக இருந்தாலும் அதுவே சாட்சி.

புகைக்குழாய் எட்டவில்லை, அல்லது சஸ்பென்ஷன் கம்பியில் இடிக்கிறது

டி.எஃப்.வி. என்ஜினில் ஒவ்வொரு பக்கமும் நான்கு குழாய்கள் வளைந்து ஒன்றாகச் சேர்ந்து, ஒரே நீண்ட குழாயாகப் பின்னே போகும். ஒரு பக்கம் எட்டி மறுபக்கம் எட்டவில்லை என்றால், குழாயை வெட்டி நீட்டுவதற்கு முன் கம்பிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கியர்பாக்ஸ் அரை மி.மீ. திரும்பியிருந்தாலே இந்த நிலை வரும். இரு பக்கமும் சமமாக எட்டவில்லை என்றால் மட்டுமே குழாயில் கை வையுங்கள். சேரும் இடத்தில் அறுத்து, உள்ளே கம்பி ஊசி வைத்து நீட்டி, புட்டியால் நிரப்பித் தேய்த்தால் தழும்பு தெரியாது.

சஸ்பென்ஷன் கைகளைக் கடைசியாக ஒட்டுங்கள். கிட்டின் வழிகாட்டித் தாள் பெரும்பாலும் முதலில் ஒட்டச் சொல்லும், கேட்க வேண்டாம்.

காற்றுக் குழல்கள் மொட்டைக் கட்டைகளாக இருக்கின்றன

என்ஜினின் இரு வரிசைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கும் எட்டுக் குழல்கள்தான் மேலிருந்து பார்ப்பவரின் கண்ணில் முதலில் படும். பழைய கிட்டில் அவை திறப்பே இல்லாத திடக் கம்பிகளாக வரும். ஊசி முனையால் நடுவில் ஒரு புள்ளி குத்துங்கள். கைத் துளைப்பானில் 0.5 மி.மீ. ஊசியால் தொடங்கி, 1, பிறகு 1.5 என்று அகலப்படுத்துங்கள். கடைசியில் கூர்மையான கத்தியின் முனையை வாயில் செருகிச் சுழற்றினால் விளிம்பு காகிதம்போல் மெலியும். மணியின் வாய்போல் விரிந்த தோற்றமும் கிடைக்கும். உட்புறத்துக்குக் கருப்பு மை, விளிம்புக்கு அலுமினிய நிறம். இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுதைத் தாராளமாகக் கொடுங்கள்.

டயர் பட்ட இடத்தில் சக்கர வளையம் உருகியிருக்கிறது

சூட்டினால் வந்தது அல்ல. மென்மையான வினைல் டயரில் இளக்கத்துக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. பெட்டிக்குள் டயரும் சட்டமும் ஒன்றாகக் கிடந்தாலே இது நடக்கும். கிட் வாங்கிய அன்றே டயர்களைத் தனி உறையில் போடுங்கள்.

பாதிக்கப்பட்ட இடம் பிசுபிசுப்பாக இருக்கும். அதன் மேல் புட்டி நிற்காது. கெட்டியான பிளாஸ்டிக் வரும்வரை சுரண்டி எடுத்து, பிறகு நிரப்புங்கள். டயர் மாட்டும் முன் வளையத்தின் மேல் அலுமினியத் தாளை ஒரு சுற்று ஒட்டுங்கள். பெயின்ட் மட்டும் நிரந்தரமான தடுப்பு ஆகாது. காலப்போக்கில் அதுவும் இளகும்.

டயரின் நடுவில் ஓடும் வார்ப்பு அச்சுக் கோட்டைத் தேய்க்கும்போது பள்ளங்களை அழித்துவிடாதீர்கள். வழவழப்பான பந்தய டயர் ஃபார்முலா ஒன்றுக்கு வந்தது 1971இல். இந்தக் காரின் டயர்களில் வெட்டுப் பள்ளங்கள் உண்டு.

மூக்குக் கூம்புக்கும் உடலுக்கும் இடையே படி தெரிகிறது

வெளிப்புறத்தைத் தேய்க்காதீர்கள், வளைவு தட்டையாகிவிடும். உட்கார்ந்திருக்கும் விளிம்பைத் தேய்த்து உள்ளே இறக்குங்கள். இடைவெளி இருந்தால் ஒரு பக்கம் மெழுகு தடவி, மறுபக்கம் எபாக்ஸி புட்டி வைத்து, பொருத்தி அழுத்தி, இறுகியபின் பிரித்தெடுங்கள். மூக்கு கழற்றக்கூடியதாகவே இருக்கும். சந்து மயிரிழை அளவுக்குக் குறையும். அசலிலும் அது கழற்றக்கூடிய பாகம்தான் என்பதால் சந்தை முழுவதும் மூடிவிடுவது தவறு.

மஞ்சள் பட்டை பச்சையடித்துத் தெரிகிறது

மஞ்சளுக்கு மறைக்கும் திறன் குறைவு. கரும்பச்சை மேல் மஞ்சள் டிகாலை ஒட்டினால் அடிநிறம் எட்டிப்பார்க்கும். டிகாலை விட்டுவிட்டு வரிசையை மாற்றுங்கள்: வெள்ளை பிரைமர், மஞ்சள், பட்டையின் மேல் மாஸ்கிங் டேப், பிறகு பச்சை. டேப்பின் ஓரத்தில் பச்சை அடிக்கும் முன் இன்னொரு மெல்லிய மஞ்சள் பூச்சு கொடுத்தால், கசிவதும் மஞ்சளாகவே கசியும். ஓரம் கத்தியால் வெட்டியது போல் வரும்.

எந்தப் பச்சை என்று சண்டை போட வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பந்தயப் பச்சை என்பது ஒரே நிறம் அல்ல, ஒரு குடும்பம். சின்ன மாதிரியில் நிறம் இன்னும் இருண்டு தெரியும் என்பதால் ஒரு சொட்டு மஞ்சள் கலந்து அடிப்பதே என் வழக்கம்.

பளபளப்புப் பூச்சில் பால்போன்ற மூட்டம் படிந்தால் காற்றில் ஈரம் அதிகம். லாக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கடலோர ஊர்களில் மழைக்கால மாலைகளில் இது சர்வ சாதாரணம். மறுநாள் வெயிலேறிய பிறகு, மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடியுங்கள், மூட்டம் கரைந்துவிடும்.

டிகால் உடைகிறது, அல்லது அடியில் வெள்ளி மினுங்குகிறது

பழைய டிகாலைத் தண்ணீரில் போடும் முன் பயன்படாத ஒரு துண்டைச் சோதியுங்கள். சிதறினால், தாள் முழுவதற்கும் தெளிவான லாக்கரை ஒரு பூச்சு அடித்து, காய்ந்தபின் ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். படலம் மஞ்சளித்திருந்தால் ஒளி ஊடுருவும் உறையில் வைத்து வெயில் விழும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், வெளுக்கும்.

வெள்ளி மினுக்கம் என்பது சொரசொரப்பான பரப்பில் சிக்கிய காற்று. பளபளப்புப் பூச்சு அடித்த பிறகே டிகால் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டிருந்தால் ஊசியால் பல இடங்களில் குத்தி, டிகாலை மென்மையாக்கும் திரவத்தைத் தடவுங்கள். உள்ளே இறங்கிப் படியும்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடி புகைமூட்டமாகிவிட்டது

சூப்பர் குளூவின் ஆவி படிந்திருக்கிறது. துடைத்தால் போகாது. பல் துலக்கும் பசையை ஈரத் துணியில் எடுத்து மெதுவாக மெருகேற்றி, தெளிவான அக்ரிலிக் திரவத்தில் முக்கி எடுத்து, காகிதத்தில் ஓரத்தை ஒற்றி வடித்து, தூசு படாமல் கிண்ணத்தால் மூடிவையுங்கள். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும்; அது காயும்போது தெளிவாகிவிடும், வழிந்ததை ஈரத் தூரிகையால் துடைக்கலாம்.

கண்ணாடியை ஒட்டியபின் ஓட்டுநர் பகுதிக்குள் கை போகாது. ஆகவே அளவுமானிகளின் முகப்பு, கியர்க் கம்பி, ஸ்டியரிங் எல்லாம் முடிந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். ஓட்டுநர் பொம்மை வைப்பதாக இருந்தால் அதையும் முன்பே உட்கார வையுங்கள்: கருநீலத் தலைக்கவசத்தில் வெள்ளை முன்மறைப்பு என்றால் கிளார்க், கருநீலத்தில் துடுப்பு வடிவ வெள்ளைக் கோடுகள் என்றால் ஹில். ஸாண்ட்வோர்ட்டில் கிளார்க்கின் எண் 5, ஹில்லின் எண் 6. தலைக்கவசத்துக்கும் எண்ணுக்கும் பொருத்தம் பார்த்த பிறகே டிகால் தாளில் கத்தரியை வையுங்கள்.